இரண்டாவது மாறுவேடம்

ஆண் வேடத்தில் போர்முனைக்குப் போன பெண்களைப் பற்றிய கதையாடல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. முடியை வெட்டினாள், சீருடை மாட்டினாள், யாருக்கும் தெரியவில்லை, ஆஹா என்ன வீரம்! இந்த 'ஆஹா'வுக்குள் எது அமுக்கப்படுகிறது என்று பார்க்க, ருஷ்யாவின் நதேழ்தா துரோவா (1783-1866) எழுதிய தன்வரலாறு உதவும்.

1806இல் சராப்புல் நகரத்து வீட்டிலிருந்து இரவில் கிளம்பி, பெண்ணுடைகளை ஆற்றங்கரையில் போட்டுவிட்டுக் கோசாக் படையோடு போனவர் துரோவா. 1807இல் நெப்போலியனின் படைக்கெதிராகப் போரிட்டு, ஓர் அதிகாரியின் உயிரையும் காப்பாற்றினார். குட்டு வெளிப்பட்டதும் ஜார் முதலாம் அலெக்சாந்தர் கூப்பிட்டனுப்பினார். தண்டனை இல்லை. வீரப்பதக்கம், அதிகாரிப் பதவி, ஜாரின் பெயரிலிருந்தே எடுத்த 'அலெக்சாந்தரவ்' என்ற பெயர் எல்லாம் கிடைத்தன. 1812இல் போரோதினோ போரிலும் இருந்தார். 1816இல் படையை விட்டு விலகினார். 1836இல் அவர் நினைவுக்குறிப்புகளின் ஒரு பகுதியைப் புஷ்கின் தன் இதழில் வெளியிட்டார். அதே ஆண்டு நூலும் வந்தது. தலைப்பு: 'குதிரைப்படைக் கன்னி'.

கன்னியா? 1801இலேயே அவருக்குக் கல்யாணமாகிவிட்டது. 1803இல் ஒரு மகன். வீட்டை விட்டுப் போகும்போது வயது 23. பிரதியிலோ கணவனும் இல்லை, குழந்தையும் இல்லை. அப்பா வீட்டிலிருந்து ஓடிப்போகும் சின்னப் பெண் மட்டும் இருக்கிறாள். வயதையும் சில ஆண்டுகள் குறைத்தாயிற்று. படைமுகாமில் மறைத்தது பெண் என்பதை. வாசகரிடம் மறைத்தது தாய் என்பதை. முதல் வேடத்தை ஜாரே ஏற்றுக்கொண்டார். இரண்டாவதைக் கலைத்திருந்தால்? தேசத்துக்காகச் சண்டைபோடும் கன்னியைத் தேசம் கொண்டாடும். புருஷனையும் பிள்ளையையும் விட்டுப்போனவளுக்கு அது வைத்திருக்கும் பெயர் வேறு.

மொழியையும் கவனிக்க வேண்டும். தமிழில் 'வந்தேன்' என்றால் பேசுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. ருஷ்ய மொழியில் இறந்தகால வினை தன்மை ஒருமையிலும் பால் காட்டும். துரோவா கதை சொல்லும்போது பெண்பாலில் எழுதுகிறார். படைவீரனாகப் பேசும்போது ஆண்பாலில் பேசுகிறார். ஒரே 'நான்', இரண்டு விகுதி. தமிழாக்கத்தில் இந்த விரிசல் தானாகவே மூடிக்கொள்ளும். மொழிபெயர்ப்பவர் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

அதற்காகத் துரோவாவை விடுதலையின் குறியீடாக்கிக் கும்பிடவும் முடியாது. அதே படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட பண்ணையடிமைக் குடியானவனுக்குச் சேவை 25 ஆண்டு. பிரபுக்குலப் பெண்ணுக்குச் சுதந்திரமாகத் தெரிந்த பாசறை, அவனுக்குச் சிறை. அவரது சுதந்திரம் பொய்யல்ல. ஆனால் அது பேரரசின் படைக்குள், வர்க்கத்தின் தயவில் கிடைத்தது.

ஆகவே 'எப்படி ஏமாற்றினாள்' என்ற கேள்வியை விட்டுவிடலாம். எதைச் சொன்னால் வாசகர்கள் தாங்கமாட்டார்கள் என்று துரோவா கணக்குப் போட்டார்? நம்முடைய பெண்ணிய வாசிப்பும் வீரக் கன்னியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அந்தத் தாயைக் கண்டுகொள்ளாமல் போனால், 1836இல் போட்ட கணக்கு இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது.