சப்டைட்டில் இல்லாத பாடம்

கன்னட எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தி மைசூரிலிருந்து பர்மிங்ஹாமுக்குப் போனது ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்க. கையில் காமன்வெல்த் உதவித்தொகை. ஆய்வுப் பொருள், 1930களின் அரசியலும் புனைகதையும். அவரைப் புரட்டிப்போட்டதோ ஒரு சினிமா. ஆசிரியர் மால்கம் பிராட்பரியோடு பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை' பார்க்கப் போனார். ஸ்வீடிஷ் படம், சப்டைட்டில் கிடையாது. அரைகுறையாகப் புரிந்துகொண்டு வெளியே வந்தவர், ஐரோப்பியர் இடைக்காலத்தைப் படித்துத்தான் கற்பனை செய்ய வேண்டும், எங்கள் ஊரிலோ அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற பொருளில் ஏதோ சொல்ல, அதையே எழுதலாமே என்றாராம் பிராட்பரி. 1965இல் ஓர் அக்ரஹாரத்தின் கதையாக 'சம்ஸ்காரா' நாவல் வந்தது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பண்பாடு படிப்பதற்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. சொந்த அக்ரஹாரத்தை எட்ட நின்று பார்க்க அந்தத் தொலைவு உதவியது. அதே வளாகத்தில்தான் 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். வெகுசனப் பத்திரிகையும் பாட்டும் படிப்புக்குரியவை என்ற எண்ணத்துக்கு மரியாதை வந்த காலம். ஆனால் அனந்தமூர்த்திக்குக் கிடைத்தது பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு மாலைப்பொழுது. ஆய்வேட்டை இன்று யார் தேடுகிறார்கள்?

நாவலை 1970இல் பட்டாபிராம ரெட்டி படமாக்கினார். நாயகன் கிரீஷ் கர்னாட், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிச் சென்னையில் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஒளிப்பதிவாளர் டாம் கோவன் ஆஸ்திரேலியர். சென்னைத் தணிக்கைக் குழு முதலில் தடை போட்டது. பிறகு அந்தப் படமே சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கியது.

வினை அதற்குப் பிறகு. மைசூரில் பிறந்து, அமெரிக்காவுக்கு மாணவராகப் போன ஏ.கே. ராமானுஜன் 1976இல் நாவலை ஆங்கிலத்தில் தந்தார். அடுத்த ஆண்டே வி.எஸ். நைபால், இந்திய நாகரிகமே காயப்பட்டுக் கிடக்கிறது என்ற தம் வாதத்துக்கு அதைச் சாட்சிக்கு இழுத்தார். ஓர் எழுத்தாளர் தம் வீட்டோடு போட்ட சண்டை, ஒரு தேசத்தின் நோய்க்குறிப்பாகிவிட்டது. அயல்நாட்டு வகுப்பறைக்கும் இதே வியாதி உண்டு. அங்கே போய் உட்காரும் மாணவர் தம் நாட்டுக்கே தூதராக்கப்படுகிறார். எந்தத் துண்டு கையில் இருக்கிறதோ, அதுவே இந்தியா. அக்ரஹாரத்துக்கு இடம் கிடைத்தது. அதே மைசூரில், சயாஜி ராவ் சாலைக்குப் பக்கத்தில், தக்கினி உருது பேசும் மண்டி மொஹல்லாவுக்கு அப்படியொரு தூதர் வாய்க்கவில்லை. இதில் அனந்தமூர்த்தியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, தெரிந்ததை எழுதினார்.

பணக் கணக்கு இன்னொரு பக்கம். வெளிநாட்டு மாணவரிடம் முழுச் செலவையும் பிரிட்டன் 1980இல் வசூலிக்கத் தொடங்கியது. கல்விக் கடனோடு போகிறவருக்குப் புரியாத படத்தில் ஒரு மாலையைத் தொலைக்கும் தைரியம் எளிதில் வராது. பர்மிங்ஹாமோ, ஹோகார்ட்டின் மையம் வளர்ந்து துறையானதை 2002இல் மூடியே விட்டது.

எதிர்த்திசையிலும் மாணவர்கள் வருகிறார்கள். ஈரான், யேமன் என்று பல நாட்டவர் மைசூர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். மண்டி மொஹல்லாவின் பேச்சில் கலந்திருக்கும் பாரசீகச் சொற்கள் ஈரானிய மாணவர் காதில் சட்டென்று விழும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் தேர்ந்த ஆய்வாளர் காதில் விழாது. அந்தத் தெருக்களையும் அங்குள்ளவர்கள் பார்க்கும் படங்களையும் பற்றி எழுத அந்த ஈரானிய மாணவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. அவருக்கு வழிகாட்டத் தக்கினி தெரிந்த பேராசிரியர் ஒருவரைச் சினிமா வகுப்பில் முதலில் உட்காரவைக்க வேண்டும்.