ஜூட் சூட் ரயட் (இசைத்தொகுப்பு)

‘ஜூட் சூட் ரயட்’ அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் யூஜீன் நகரைச் சேர்ந்த செர்ரி பாப்பின் டாடீஸ் என்னும் இசைக்குழு 1997-ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத்தொகுப்பு. ஸ்விங், ஜம்ப் புளூஸ் ஆகிய இரு இசை வகைகளைச் சேர்ந்த 14 பாடல்கள் இதில் உள்ளன. அமெரிக்காவில் மட்டும் 20 இலட்சம் படிகளுக்கான இரட்டைப் பிளாட்டினச் சான்றிதழ் பெற்றது. குழுவுக்குப் புகழ் தேடித்தந்ததும், அக்குழுவை ஒரே அடையாளத்துக்குள் அடைத்ததும் இத்தொகுப்பே.

இசை வகை

ஸ்விங் 1930-களில் அமெரிக்க நடன அரங்குகளை ஆண்ட ஜாஸ் இசை. பல கலைஞர்கள் அமர்ந்து வாசிக்கும் பெரிய குழுக்கள் இதற்குத் தேவைப்பட்டன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அத்தனை பேரை வைத்துக் குழு நடத்துவது கடினமாயிற்று. ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்கள், விரைந்த தாளம், முழங்கும் சாக்சஃபோன், நகைச்சுவை கலந்த வரிகள் ஆகியவற்றுடன் புதிய வகை ஒன்றை உருவாக்கின. அதுவே ஜம்ப் புளூஸ். கறுப்பினக் கலைஞரான லூயி ஜோர்டான் இதன் முதன்மையானவர். பின்னாளில் தோன்றிய ராக் அண்ட் ரோல் இசைக்கு இவ்வகையே அடித்தளம்.

தொகுப்பு உருவான விதம்

பாடகரும் பாடலாசிரியருமான ஸ்டீவ் பெர்ரி, பேஸ் கிதார் கலைஞர் டான் ஷ்மிட் ஆகியோர் 1989-இல் இக்குழுவைத் தொடங்கினர். இது தொடக்கம் முதலே ஸ்விங்கை மட்டும் இசைத்த குழு அன்று. முதல் மூன்று தொகுப்புகளிலும் ஃபங்க், ஸ்கா, பங்க் ராக், ஸ்விங் எனப் பல வகைகள் அடுத்தடுத்து வந்தன. நிகழ்ச்சி முடிந்தபின் ஸ்விங் பாடல்கள் எந்தத் தொகுப்பில் உள்ளன என்று கேட்டவர்களுக்குக் கொடுக்க ஒரு தொகுப்பும் இல்லை. முழுத் தொகுப்பைப் புதிதாகப் பதிவு செய்யப் பணமும் இல்லை. எனவே பழைய ஸ்விங் பாடல்களைத் திரட்டி, சில புதிய பாடல்களைச் சேர்த்து, தங்கள் சொந்த நிறுவனத்தின் வழியாக வெளியிட்டனர். சில மாதங்களில் மோஜோ ரெக்கார்ட்ஸ் அதை மறுவெளியீடு செய்தது. தற்காலிகத் தேவைக்காகத் தொகுத்த ஒன்று நாடறிந்த தொகுப்பாயிற்று.

தலைப்பின் வரலாறு

ஜூட் சூட் என்பது தோள் அகன்ற நீண்ட மேலங்கியும், தொடையில் அகன்று கணுக்காலில் இறுகும் காற்சட்டையும் கொண்ட உடை. கறுப்பின, மெக்சிகோ-அமெரிக்க இளைஞர்கள் இதை விரும்பி அணிந்தனர். போரின் பொருட்டு 1942-இல் கம்பளித் துணிக்குக் கட்டுப்பாடு வந்ததும், மிகுதியான துணி தேவைப்படும் இவ்வுடை நாட்டுப்பற்று இன்மையின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. 1943 ஜூன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கடற்படையினரும் பிற படைவீரர்களும் இவ்விளைஞர்களைத் தெருவிலும் திரையரங்கிலும் தேடித்தேடி அடித்து, உடைகளைக் களைந்தனர். அடிபட்டவர்களையே காவல்துறை பெருமளவில் கைது செய்தது. நகர மன்றமோ அந்த உடைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.

வரவேற்பு

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஸ்விங் மறுமலர்ச்சி பரவியது. 1996-இல் வெளியான ‘ஸ்விங்கர்ஸ்’ திரைப்படமும், 1998-இல் ஸ்விங் நடனத்தை வைத்து எடுக்கப்பட்ட காப் ஆடை நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரமும் அதற்கு ஊக்கம் தந்தன. இந்தச் சூழலில் தலைப்புப் பாடல் ராக் வானொலிகளில் தொடர்ந்து ஒலித்தது. தொகுப்பு பில்போர்டு 200 பட்டியலில் 17-ஆம் இடம் வரை உயர்ந்தது. 1999-இல் ‘வியர்டு ஆல்’ யாங்கோவிக் அப்பாடலைப் பகடி செய்து பாடினார்.

விமர்சகர்கள் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. ஊதுகருவிகளின் வலிமையையும் பங்க் ராக் வேகத்தையும் சிலர் பாராட்டினர். பழைய உடையையும் தொப்பியையும் அணிந்து நடத்தும் வேடிக்கை என்று மறுசாரார் ஒதுக்கினர். குழுவின் பெயரில் உள்ள ஆபாசப் பொருளுக்குச் சொந்த ஊரிலேயே முன்பு எதிர்ப்பு எழுந்து, வேறு பெயர்களில் மேடையேற வேண்டிய நிலையும் அவர்களுக்கு ஏற்பட்டிருந்தது.

மதிப்பீடு

‘வேடிக்கை’ என்ற குற்றச்சாட்டு பாதி அளவே பொருந்தும். வரிகளைக் கவனித்தால் இது பழைய காலத்தை இனிக்க இனிக்க நினைவுகூரும் தொகுப்பு அன்று என்பது விளங்கும். ‘டிரங்க் டாடி’ குடிகாரத் தந்தையின் வீட்டில் வளரும் பிள்ளையின் துயரத்தைத் துள்ளும் தாளத்தில் சொல்கிறது. ‘டிங் டாங் டாடி ஆஃப் தி டி-கார் லைன்’ பல பெண்களை மணந்து 1940-களில் சிறை சென்ற சான் பிரான்சிஸ்கோ டிராம் வண்டி நடத்துநரின் உண்மைக் கதையை எடுத்துக்கொள்கிறது. மகிழ்ச்சியான இசைக்குள் கசப்பான செய்தியை வைப்பது புளூஸ் மரபுதான். அதைப் பெர்ரி சரியாகவே உள்வாங்கியிருக்கிறார்.

குறை தலைப்புப் பாடலில் உள்ளது. பாடல் அடிபட்டவர்களின் பக்கமே நிற்கிறது. அவர்களின் மிடுக்கைக் கொண்டாடுகிறது. ஆயினும் அடித்தவர் யார், அடிபட்டவர் யார், ஏன் என்பன கேட்பவருக்குத் தெளிவாவதில்லை. வரலாறு தெரிந்தவருக்கு அது எதிர்ப்புக் குரல். தெரியாதவருக்கு ‘கலவரம்’ என்னும் சொல் நடனத்துக்கான கூவல் மட்டுமே. ஆடியவர்களில் பலர் இரண்டாம் வகையினராகவே இருந்திருக்க வேண்டும். ஒரு சமூகத்தின் காயம் வேறொருவரின் கொண்டாட்டப் பாட்டாக மாறும்போது எழும் இக்கேள்விக்குத் தொகுப்பு விடை தரவில்லை. எனினும் அந்தப் பெயரைப் பல இலட்சம் பேரின் நாவில் ஏற்றி, அதன் பொருளைத் தேடிப் படிக்கச் சிலரையேனும் தூண்டக்கூடியது இப்பாடல்.

வெற்றிக்குக் குழு கொடுத்த விலையும் பெரிது. 2000-இல் வெளியான ‘சோல் கேடி’ தொகுப்பில் அவர்கள் மீண்டும் பல இசை வகைகளைக் கலந்தனர். ஸ்விங்கை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தனர். விற்பனை சரிந்து, குழு சில காலம் ஒதுங்கியிருந்தது. ஸ்விங் அலையும் அதற்குள் ஓய்ந்திருந்தது. ‘ஜூட் சூட் ரயட்’ மட்டும் கேட்டு இக்குழுவை மதிப்பிடுவோர், முதல் மூன்று தொகுப்புகளையும் கேட்டபின் முடிவுக்கு வருவது நல்லது. இத்தொகுப்பின் பழைய பாடல்கள் முதலில் எந்தப் பாடல்களுக்கு நடுவே இருந்தன என்பது அப்போது தெரியவரும்.