கறுப்புத் திரையில் ஒரு வரி

எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ். விண்டோஸில் எனக்குப் பிடித்த கட்டளை வரி இதுதான். பொத்தான் கிடையாது, படம் கிடையாது; கறுப்புத் திரையில் சதவீதம் மட்டும் ஏறும்.

மின்வெட்டில் பாதியில் அணைந்த கணினி மறுநாள் முக்கி முனகினால், கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து இதைத் தட்டுவேன். அரிசியில் கல் பொறுக்குகிற பாட்டியின் பொறுமை அதற்கு. சிஸ்டம் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஒரு ஹாஷ் உண்டு. எஸ்எஃப்சி அதைச் சரிபார்க்கும்; ஒத்துப்போகவில்லையென்றால், வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் விதைநெல்லாகக் காத்துவைத்த நல்ல நகலை எடுத்து மாற்றிவிடும். நம் போட்டோ, கடிதம் எதையும் தொடாது. அந்த நாகரிகம் எனக்குப் பிடிக்கும்.

விதைநெல்லிலேயே வண்டு விழுந்தால்? அதற்குத்தான் டிஸ்ம் என்ற இன்னொரு கட்டளை. விண்டோஸ் 8 முதல் அதில் ரெஸ்டோர்ஹெல்த் என்ற வசதி இருக்கிறது. அப்டேட் வழியாகப் புது நகலை இறக்கி நெற்குதிரை நிரப்பும். பிறகு எஸ்எஃப்சியை மறுபடி ஓட்ட வேண்டும். நடுவே சதவீதம் அசையாமல் நிற்கும் (எனக்கு அப்போதுதான் டீ நேரம்), பதறி மூடிவிடாதீர்கள்.

ஹார்டு டிஸ்க்கே சாகக் கிடந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. முதலில் போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.