ஒரே மலை, இரண்டு அறிக்கைகள்

இந்திய வனநிலை அறிக்கையை யாரும் புத்தகமாக வாசிப்பதில்லை. டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவைத் துறை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைத் தயாரிக்கும். வெளியான மறுநாள் பேப்பரில் ‘நாட்டின் வனப்பரப்பு அதிகரிப்பு’ என்று ஒரு பெட்டிச் செய்தி. அதோட சரி. கொஞ்ச நாளாக நான் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றதும் நண்பன் ஒருவன், “ஏன்டா, நாவல் எதுவும் கிடைக்கலையா?” என்றான். இதுவும் நாவல்தான். 1987இல் தொடங்கி, 2024 டிசம்பரில் பதினெட்டாவது பாகம் வந்திருக்கிறது. நாயகன் ஒரே ஆள், காடு. சில பாகங்களில் சறுக்கினாலும் மொத்தக் கதையில் வளர்ந்துகொண்டேதான் போகிறான். முதல் பாகத்தில் நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 19.5 சதவீதம். கடைசிப் பாகத்தில் 21.76.

இடையில் என்ன நடந்தது என்று பார்த்தால், காடு மாறியதைவிடப் பார்க்கிற கண் அதிகம் மாறியிருக்கிறது. முதல் அறிக்கைக்காகச் செயற்கைக்கோள் படங்களை மனிதர்கள் கண்ணால் பார்த்து வரைபடம் போட்டார்கள். 400 ஹெக்டேருக்குக் குறைந்த காட்டுத்துண்டு அதில் பதிவே ஆகாது. 2001 அறிக்கையிலிருந்து நாடு முழுக்கக் கணினி வழியாக, ஒரு ஹெக்டேர் வரை எண்ண ஆரம்பித்தார்கள். கண்ணாடி மாற்றியவனுக்கு எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. இதை அறிக்கை மறைக்கவும் இல்லை. முறையியல் அத்தியாயத்தில் எல்லாம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எனக்குச் சிக்கல் கதைசொல்லியின் மொழியில்தான். அறிக்கையின் உயிர்ச்சொல் ‘ஃபாரஸ்ட் கவர்’. அதன் வரையறை இது: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர உச்சிகளின் நிழல் பத்து சதவீதத்தைத் தாண்டினால் போதும். நிலம் யாருடையது, மரம் என்ன மரம், எதற்காக நட்டது என்ற கேள்வியே கிடையாது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் மூங்கிலும் இதில் அடக்கம். டெல்லியில் அமைச்சர்களின் பங்களாத் தோட்டங்களே இந்தக் கணக்கில் காடாக நிற்பதைப் பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்து எழுதியிருக்கிறார்கள். ஆகாயத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பச்சைப் போர்வை, அவ்வளவுதான் இந்தச் சொல்லுக்கு அர்த்தம். நாம் அதை ‘வனப்பரப்பு’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். போர்வை பரப்பாகிவிட்டது, தோப்பு வனமாகிவிட்டது. அறிக்கை பொய் சொல்லவில்லை, அதன் தமிழ்தான் சொல்கிறது. தமிழில் படித்தவனுக்கு மனசில் எழுவது யானை நடமாடும் காடு.

இன்னொரு இடமும் எனக்கு விடாமல் உறுத்தியது. 2021 பாகத்தில் வனப்போர்வை 7,13,789 சதுர கிலோமீட்டர். 2023 பாகத்தில் 7,15,343. கழித்தால் 1,554 வரவேண்டும் இல்லையா? ஆனால் புதிய பாகம் சொல்லும் அதிகரிப்பு வெறும் 156. பழைய எண்ணைத் திருத்திவிட்டு, அந்தத் திருத்திய எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அறிவியலில் இது நேர்மையான வேலைதான், தப்பே இல்லை. வாசகனாக யோசித்தால் மட்டும் தலை சுற்றுகிறது. ஒவ்வொரு பாகம் வரும்போதும் முந்தின பாகத்தின் கடைசிப் பக்கம் மாறலாம். அந்த 156ஐத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் அது சுமார் 0.02 சதவீதம். வரைபடத்தின் துல்லியம் நூறு இல்லை, தொண்ணூறுகளில்தான் என்று அதே அறிக்கை ஒத்துக்கொள்கிறது. பிழைக்கான இடமே சில சதவீதம் இருக்கும்போது 0.02ஐ எப்படி ‘வளர்ச்சி’ என்று வாசிப்பது? கவிதையில் ஒருத்தர் இவ்வளவு நிச்சயமாகப் பேசினால் நாம் சந்தேகப்படுவோம்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க இன்னொரு பிரதி இருக்கிறது: ‘இந்தியப் பறவைகளின் நிலை’. 2020இல் ஒன்று, 2023இல் ஒன்று. சுமார் 30,000 பேர் இ-பேர்டில் பதிந்த மூன்று கோடிப் பதிவுகளிலிருந்து இரண்டாவது அறிக்கையை எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் பொங்கல் விடுமுறையில் பைனாகுலரும் கையுமாக அலைகிறவர்கள் போடும் பட்டியலும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. இதன் குறைகளும் தெரிந்தவைதான். ஆள் போகிற இடத்தில்தான் பறவை பதிவாகும். சாலையோரமும் ஊர்ப்பக்க ஏரியும் நிறைந்து வழியும், நடுக்காடு வெறுமையாகக் கிடக்கும். ஆனால் இந்தக் கதைசொல்லிக்குத் ‘தெரியாது’ என்று சொல்ல வருகிறது. 942 இனங்களை எடுத்துக்கொண்டு, நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது 338க்குத்தான் என்கிறது. அதில் அறுபது சதவீதம் குறைந்திருக்கின்றன. மிச்சத்துக்கு? போதிய தரவு இல்லை, அவ்வளவுதான். வரைபடங்களில் கோட்டைச் சுற்றி ஒரு பட்டை வரும். எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்தே வரைந்துவிடுகிறார்கள்.

இரண்டு பிரதிகளும் நேருக்கு நேர் மோதுகிற இடம் நீலகிரி. அந்த மலை உச்சிகளின் இயல்பு, மடிப்புகளில் சோலை, மேலெல்லாம் புல்வெளி. பிரிட்டிஷ்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் என்று நாமே இன்னும் பரவலாக நட்டோம். அப்புறம் சீகை யாரையும் கேட்காமல் தானே பரவியது. வனநிலை அறிக்கையின் வரையறையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். மரமில்லாத புல்வெளி ‘காடல்லாதது’ என்ற பத்தியில் விழும். அதே இடத்தில் சீகை ஏறினால் வனப்போர்வை கூடும். பறவைகள் அறிக்கையிலோ அந்தச் சீகைக்கு அடியில் ஒரு சின்னப் பழுப்புப் பறவை காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. நீலகிரி நெட்டைக்காலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளைத் தவிர உலகத்தில் அதற்கு வேறு இடமே கிடையாது. குறைந்துவரும் பறவைகளில் ஒன்று என்று 2020 அறிக்கையே சொல்லிவிட்டது.

ஒரே சரிவு, ஒரே மரம். ஒரு புத்தகத்தில் அது வரவு, இன்னொன்றில் செலவு. வரவுப் புத்தகத்தைத்தான் நாடாளுமன்றத்தில் மேற்கோள் காட்டுகிறார்கள். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடாக வேண்டும் என்ற 1988 வனக் கொள்கையின் இலக்கும் அந்தக் கணக்கை வைத்துத்தான் பேசப்படுகிறது. அப்படிப் பேசும்போது புல்வெளி இன்னும் மரம் நடாத காலி மனை மாதிரிதான் தெரியும். ‘தரிசு’ என்று ஒரு சொல் வேறு கைவசம் இருக்கிறது.

அந்நியத் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்கத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கை வகுத்தது. அதன்படி சீகையை வெட்டி எடுத்து, புல் திரும்பி வந்து, நெட்டைக்காலி மறுபடி அதில் கூடு கட்டினால், அடுத்தடுத்த பாகங்களில் நீலகிரி மாவட்டத்துக்கு நேரே ஒரு கழித்தல் குறி விழும். மறுநாள் பேப்பரில், பெட்டிச் செய்தியாக: ‘நீலகிரியில் வனப்பரப்பு குறைவு.’