சில்க் ஸ்மிதாவின் நிதானம்

‘மூன்றாம் பிறை’ என்றதும் கமலைச் சொல்வார்கள், ஸ்ரீதேவியைச் சொல்வார்கள், கேத்தி ரயில் நிலையத்தில் நடக்கும் அந்தக் கடைசிக் காட்சியைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். தலைமையாசிரியராக வரும் பூர்ணம் விஸ்வநாதனின் இளம் மனைவியாக நடித்த சில்க் ஸ்மிதாவைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. இத்தனைக்கும் திருவண்ணாமலையில் சினிமாப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. அந்தப் படத்தை இயக்கிய பாலு மகேந்திராவின் ‘கதை நேரம்’ புத்தகத்தைக் கொண்டுவந்த வம்சி புக்ஸ் எங்கள் ஊர்ப் பதிப்பகம். அப்படிப்பட்ட ஊரிலும் சில்க் ஸ்மிதா என்ற பெயரைச் சொன்னால் முதலில் வருவது ஒரு கள்ளச் சிரிப்புதான். அந்தச் சிரிப்பை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. அவர் நடிகை. நல்ல நடிகை.

அந்தப் படத்தில் அவருக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். வயதான கணவன், ஊட்டிக் குளிர், பக்கத்திலேயே இளவயது வாத்தியார் சீனு. ஆசையைச் சொல்லவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் தவிக்கும் பெண். இதை வசனத்தில் சொல்ல வைத்திருந்தால் மலிவாகப் போயிருக்கும். சில்க் கண்ணால் செய்தார். பாதி மூடிய இமை, பேச வந்து நின்றுவிடும் உதடு, அவ்வளவுதான். கேமராவும் பாலு மகேந்திராவே என்பதால் அந்த மாநிறத்தை வெளுக்க வைக்காமல் அப்படியே விட்டார். அந்தப் படத்துக்காக அவருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. விருதுக்குரிய அந்த வெளிச்சத்தில் சில்க்கின் முகத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

அவருக்கு முன்னால் ஜோதிலட்சுமி இருந்தார், ஜெயமாலினி இருந்தார். இருவரிடமும் கால் வேகம் உண்டு. தாளத்துக்கு ஒரு படி முன்னே நிற்பார்கள். சில்க்கின் வழி வேறு. தாளம் ஓடட்டும் என்று விட்டுவிடுவார். பார்வை முதலில் போகும், கழுத்து அதன் பின்னால் திரும்பும், தோள் கடைசியாகத்தான் அசையும். இந்த வரிசையைக் கவனித்துப் பாருங்கள், பாட்டுக்குப் பாட்டு அதைக் காணலாம். ‘சகலகலா வல்லவன்’ மாதிரி அமர்க்களமான படத்தில்கூட, சுற்றிலும் எல்லாம் குதிக்கும்போது அவர் மட்டும் அவசரப்படாமல் இருப்பார். தியேட்டர் மொத்தமும் அவரைப் பார்த்ததற்குக் காரணம் உடை மட்டும்தான் என்று சொல்பவர்கள், அதே உடையில் ஆடி மறந்துபோனவர்கள் எத்தனையோ பேர் என்பதை யோசிப்பதில்லை.

சில்க்கின் இயற்பெயர் விஜயலட்சுமி, ஏலூருப் பக்கம் 1960-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் நின்றுபோனது. சென்னைக்கு வந்து நடிகைக்கு டச்-அப் செய்யும் வேலையில் இருந்தவர். 1980-ல் வினு சக்கரவர்த்தி எழுதிய ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சாராயக்கடைப் பெண்ணாக வந்தார். அந்தப் பாத்திரத்தின் பெயர்தான் சில்க். அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு ஒரு பாட்டுக்கு அவர் ஆடினால்தான் படம் விற்கும் என்று விநியோகஸ்தர்கள் கேட்கும் அளவுக்குப் போனார்.

எங்கள் ஊர் அருணகிரிநாதரின் ஊர். திருப்புகழில் பல பாடல்கள் முதல் பாதியில் விலைமாதரின் அழகை அங்கம் அங்கமாக வர்ணிக்கும். பிற்பாதியில் அந்த மயக்கத்திலிருந்து காப்பாற்று என்று முருகனின் காலைப் பிடிக்கும். எண்பதுகளின் தமிழ் சினிமா இதே கணக்கில்தான் ஓடியது. ஐந்து நிமிடம் சில்க்கை ஆட விட்டு ரசிப்பது, பிறகு கதாநாயகன் குங்குமமும் தாலியுமாக இருப்பவளிடம் திரும்பிப் போவது. அருணகிரியாரிடம் அந்தத் தவிப்பு உண்மை. தன்னையே கூண்டில் நிறுத்திப் பாடியவர் அவர். சினிமாவோ குற்றத்தை முழுக்க அந்தப் பெண் மேலேயே போட்டுவிட்டுக் கை கழுவியது.

அந்தக் கணக்குக்கு வெளியே சில்க்கை நிறுத்தியவர் பாரதிராஜா. 1981-ல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’யில் தியாகராஜனின் மனைவி எலிசி. முழுக்கப் புடவைதான், ஆட்டம் இல்லை. முரட்டுக் கணவன் கத்தும்போது ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பெண். அவள் கேட்கும் விதத்திலேயே அந்த வீட்டில் இத்தனை வருடம் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. ராதாவும் கார்த்திக்கும் அறிமுகமான படம் என்றுதான் அதை நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அது எலிசியின் படமும்கூட.

ஐரோப்பாவிலும் இப்படி ஒருவர் இருந்தார். செவில் நகரத்தில் பிறந்த ஸோலெடாட் மிராண்டா. ஜெஸ் ஃப்ராங்கோ அவசர அவசரமாக எடுத்துத் தள்ளிய பேய்ப் படங்களிலும் காமப் படங்களிலும் நடித்தவர். 1970 ஆகஸ்டில் போர்ச்சுகலில் கார் விபத்தில் இறந்தபோது வயது 27. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘வாம்பிரோஸ் லெஸ்போஸ்’ மறு வருடம்தான் வெளிவந்தது. இன்று அங்கே அவருடைய சின்னப் பாத்திரங்களையும் தேடிப் பிடித்து, பிரதியைச் சுத்தம் செய்து, அந்தக் கண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கதை மட்டமானது என்பதால் நடிகையையும் சேர்த்து ஒதுக்கிவிடவில்லை. சில்க் 1996 செப்டம்பர் 23 அன்று, 35 வயதில் சென்னையில் தன் வீட்டில் இறந்தார். நடித்தவை 400 படங்களுக்கும் மேல் என்பார்கள். அவற்றில் நல்ல பிரதி இருப்பவை எத்தனை? அவர் வாழ்க்கையைத் தொட்டு இந்தியில் ‘தி டர்ட்டி பிக்சர்’ 2011-ல் வந்தது, வித்யா பாலனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. சில்க்கின் நடிப்பைப் பற்றி மட்டும் ஒரு நல்ல புத்தகம் தமிழில் வர வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

மலையாளிகள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பெரிய மனது காட்டினார்கள். பத்ரன் இயக்கிய ‘ஸ்படிகம்’ 1995-ல் வந்தது. மோகன்லாலோடு வரும் லைலாவாக சில்க் எவ்வளவு இயல்பாகச் சிரிக்கிறார்! 2023-ல் அந்தப் படம் புதுப்பொலிவோடு மறுபடி திரைக்கு வந்தபோது, அவர் உயிரோடு இருந்த காலத்தில் பிறக்காத பிள்ளைகள்கூட தியேட்டரில் அவரைப் பார்த்தார்கள்.

அவரைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் பாட்டுத் தொகுப்புகளில் தொடங்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் கேமரா இடுப்போடு நின்றுவிடும். முதலில் எலிசி, பிறகு தலைமையாசிரியர் மனைவி, அதற்குப் பிறகு லைலா. தமிழில் அவருக்குப் பெரும்பாலும் இரவல் குரல்தான் என்பதால், இரண்டாம் முறை பார்க்கும்போது ஒலியை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள்.