கிறீஸ் பூதமும் லயத்து வாழ்வும்

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கையெங்கும் எழுந்த கிறீஸ் பூதப் பீதியை மலையகத் தோட்ட மக்களின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டுவாருளர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. அதே மாதத்திற் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்து நாவாந்துறையிலும் மக்கள் கொதித்தெழுந்தனர், அவர்கள் தோட்டத்தவரல்லரே!

பிடிப்போர் கைக்கு வழுவுமாறு உடலில் எண்ணெய் பூசிவருங் கள்வன் பழங்கதை மாந்தன். அவனே இம்முறை பெண்களைத் தாக்கும் பூதமானான். ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் இக்கதை வேரூன்றியமைக்குக் காரணம் லயத்திலேயே உண்டு. ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம்; குழாயும் மலகூடமும் வெளியே, இருளில். ஓர் அறையில் எழுங் கூக்குரல் நொடிப்பொழுதில் லயம் முழுவதன் கூக்குரலாகும். கண்டவர் யாரெனின், அடுத்த தோட்டத்தார் என்பர். அங்குக் கேட்பினும் அவ்விடையே.

இவ்வச்சத்திற்கு அகப்படுபவன் பெரும்பாலும் அயலானே. ஊவாப் பக்கத்து ஹப்புத்தளை அயலிலே, பூதமென ஐயுறப்பட்ட இருவர் கொல்லப்பட்டனர். இக்கொடுமைக்கு லயத்து வாழ்வைச் சமாதானமாகக் கூறல் பொருந்தாது.

பூதமில்லையென அதிகாரிகள் மறுத்தனர், அது மெய்யே. ஆயினும் சந்தேக நபர்களைப் படையினரே காக்கின்றனர் என்ற பேச்சு நாடெங்கும் உலவிய வேளையில், அம்மறுப்பும் ஐயத்தையே வளர்த்தது. குழாயடியில் ஒரு விளக்கேனும் எரிந்திருப்பின், அதனை நம்பியிருப்போர் பலர்.