இரட்சணிய யாத்திரிகம்: பெற்றதும் இழந்ததும்

இங்கிலாந்தின் பியூரிட்டன் சமயத்தவரான ஜான் பனியன், ஓட்டைப் பாத்திரங்களைச் சீர்செய்து பிழைத்தவர். 1678இல் அவர் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' எளிய உரைநடையில் அமைந்த கனவுக் கதை. அதனைத் தழுவி, 1894இல் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தைத் தந்தார்.

மூலத்தில் சிலுவையைக் கண்டதும் பயணியின் சுமை கழன்று விழுகிறது. சில வரிகளில் அந்நிகழ்ச்சி முடிகிறது. வைணவராய்ப் பிறந்து கம்பனில் தோய்ந்த பிள்ளையோ இயேசுவின் பாடுகளையே விரித்துப் பாடுகிறார். உருக்கம் பெருகுகிறது, உழைப்பாளியின் நேர்ப்பேச்சோ விருத்தத்தின் ஒலியில் அமிழ்கிறது.

'கிறித்தவக் கம்பர்' என்னும் பாராட்டோடு வகுப்பறை நின்றுவிடல் தகாது. பனியனைப் போன்ற உழைப்பாளர் வாழும் கம்போங் மேடானில், இவ்விரண்டையும் சீர்தூக்கிக் கற்பிப்பதே பிள்ளைக்கு நாம் செய்யும் மெய்ச்சிறப்பாகும்.